அரைப்படி பெட்ரோல்

அத்தியாயம் பதினொன்று

போன செவ்வாய்க்கிழமை நாகராசுவின் ஜீப்பை அவன் அண்ணன் ஆத்மநாதனின் காளைகள் இழுத்துக்கொண்டு வந்ததை ஆலங்குடியே பார்த்தது. பார்க்காதவர்களுக்குப் பார்த்தவர்கள் கூப்பிட்டுச் சொன்னார்கள். மணமேல்குடி வரை போய், கடற்கரைக் கிராமங்களைச் சுற்றிக்கொண்டு திரும்ப நூற்றுப்பத்து மைல். ஊற்றிக்கொண்டு போனது எட்டு காலன் பெட்ரோல். தொண்ணூற்றெட்டாவது மைலில் வண்டி நின்றுவிட்டது. ஊருக்கு இன்னும் பன்னிரண்டு மைல் இருந்தது.

அது ஒத்திகை. பரீட்சை இந்தச் செவ்வாய்க்கிழமை.

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடலோர மருத்துவ சங்கத்தார் வாரம் ஒரு நாள் டாக்டர் லூர்தம்மாளை அந்தக் கிராமங்களுக்கு அனுப்பப் போகிறார்கள். அந்த மணலில் கார் புதையும். மாட்டுவண்டி போனால் திரும்ப மூன்று நாள் ஆகும். யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்ட ஜீப் ஒன்று நாகராசுவிடம் இருக்கிறது. சங்கம் எட்டு காலன் பெட்ரோலை சீல் வைத்துக் கொடுக்கும். வழியில் ஒரு சொட்டு வாங்கக் கூடாது. அதற்குள் போய்த் திரும்பினால் இரண்டு வருஷத்துக்கு வேலை. திரும்பாவிட்டால் ஜீப்பை விற்றுவிட்டு நாகராசு மறுபடியும் பினாங்குக்குக் கப்பலேற வேண்டியதுதான்.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நாலு வருஷம் அவன் பினாங்கில் லாரி ஓட்டினான். அந்த நாலு வருஷத்தை இன்னொரு தடவை கழிக்க அவன் மனைவி சொர்ணவல்லி தயாராக இல்லை. ஆனால் அவளை யார் கேட்டார்கள்?

விடிந்ததும் நாகராசு ஜீப்பின் ஓட்டுகிற ஸீட்டைத் தூக்கி வைத்துவிட்டு, அடியில் இருந்த பெட்ரோல் தொட்டிக்குள் மூங்கில் குச்சியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். மைல் காட்டுகிற முள் ஒழுங்காக ஓடும். பெட்ரோல் காட்டுகிற முள் ராணுவத்திலேயே உயிரை விட்டிருந்தது.

"பன்னண்டு மைலு. அதை எங்கிட்டுப் போயிப் பிடிக்கிறது?" என்றான்.

"இன்னும் கொஞ்சம் மெதுவாப் போயிப் பாருங்களேன்," என்றாள் சொர்ணவல்லி.

"போன வாரமே முப்பதைத் தாண்டலை. முன்சக்கரத்துக் கியரை மணல்ல மட்டுந்தான் போட்டேன். எறக்கத்துல எஞ்சினை நிறுத்திக்கூட வந்தேன். இதுக்கு மேல நான் எறங்கித் தள்ளணும்." குச்சியைத் துடைத்து வைத்தான். "பேசாம, வரலைன்னு சொல்லிரவா?"

"சொல்லிட்டு? ஒங்க பெட்டியை நான் எடுத்து வைக்கணுமாக்கும்?"

அவள் கட்டுச்சோற்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு தானாகவே பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வா என்று யாரும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஆத்மநாதன் கையில் ஒரு படியோடு வந்து முன்னால் ஏறினார். அவர் மடியில் ஒரு போஸ்ட் கார்டும் இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலுக்கு ஆள் அனுப்பும் சேவுகன் அவர்களுக்கு மாமன் மகன். போன வாரம் காளைகளை அவிழ்த்துக் கட்டிய கையோடு, தம்பி வருகிறான், ஓர் இடம் பிடித்து வை என்று ஆத்மநாதன் அவனுக்கு எழுதிப் போட்டுவிட்டார். நேற்றுப் பதில் வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

சங்கத்துக் கட்டடத்து வாசலில் குமாஸ்தா ஆண்டியப்பன் எட்டு டின்களை வரிசையாக வைத்துக் காத்திருந்தார். தொட்டியில் இருந்ததை வடித்துக் காட்டச் சொன்னார். காட்டினார்கள். நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த மனிதர் தும்மினால்கூட எழுதிக்கொள்வார் என்று ஊரில் பேச்சு.

ஆத்மநாதன் முதல் டின்னை எடுத்துப் படியில் ஊற்ற ஆரம்பித்தார்.

"எதுக்குங்க படி? சீல் வச்ச டின்னுங்க அது," என்றார் ஆண்டியப்பன்.

"ஒங்க மேல சந்தேகமில்லைங்க. அளக்காம வாங்குற பழக்கம் எங்க வீட்டுல கிடையாது."

காலனுக்கு மூன்று படி. ஒத்திகைக்கு முந்தின நாள் ஆத்மநாதனே கண்டுபிடித்துச் சொன்ன கணக்கு அது. வீட்டில் பெட்ரோல் பீப்பாயில் கிடந்ததால் போன வாரம் படியால்தான் மொண்டு ஊற்றினார்கள். எட்டு காலனுக்கு இருபத்து நாலு படி.

ஒரு படி ஊற்றினார். இரண்டு. மூன்று. டின்னை ஆட்டிப் பார்த்தார். உள்ளே இன்னும் சளசளத்தது. மிச்சம் இருந்தது அரைப்படி.

ஆத்மநாதனின் முகம் மாறிவிட்டது. குறைந்திருந்தால் சண்டை போட்டிருப்பார். கூடியிருந்ததுதான் அவரைத் தொந்தரவு செய்தது.

"இந்தாங்க. கை தவறி அதிகமா ஊத்திட்டாக போலருக்கு. அடுத்தவுக பொருள் நமக்கு வேணாம்."

"அண்ணே, அது ரெண்டு மைலுண்ணே," என்றான் நாகராசு அடித்தொண்டையில்.

"அடுத்தவன் பெட்ரோல்ல ஓடுற ரெண்டு மைலு ஒனக்கு எதுக்குடா?"

ஆண்டியப்பனுக்கு இப்படி ஒரு மனிதரைப் பார்த்ததில் பரம சந்தோஷம். ஒரு மருந்து பாட்டிலைக் கழுவித் துடைத்து, அரைப்படியையும் அதில் ஊற்றி, தக்கை அடைத்து, அரக்கு உருக்கிச் சீல் வைத்தார். நோட்டில் எழுதினார்: திரும்பப் பெற்றது, அரைப்படி.

இரண்டாவது டின்னைத் திறந்தார்கள். மூன்று படி ஊற்றியானதும் அதிலும் அரைப்படி மிஞ்சியது.

ஆத்மநாதன் இன்னொரு பாட்டிலுக்குக் கை நீட்டினார்.

"நில்லுங்க மாமா."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். புருஷனின் அண்ணனோடு நேருக்கு நேர் நின்று பேசும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஆறு வருஷமாகச் சொர்ணவல்லி கதவுக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்லியிருக்கிறாள். அதுவும் பெரும்பாலும் நாகராசு வழியாக. இப்போது ஜீப்பிலிருந்து இறங்கி வந்து டின்னுக்கு எதிரே நின்றாள்.

"காலனுக்கு மூணு படின்னு எப்படி மாமா கண்டீங்க?"

ஆத்மநாதன் அவளைப் பார்க்காமல் டின்னைப் பார்த்துப் பதில் சொன்னார். "பினாங்குலேருந்து தம்பி கொண்டாந்த காலன் டின்னு ஒண்ணு கிடக்குல்ல? அது நெறைய நெல்லை அளந்து போட்டேன். மூணு படி பிடிச்சுச்சு."

"குமிச்சு அளந்தீங்களா, தலை தட்டி அளந்தீங்களா?"

"நெல்லை எவன் தலை தட்டி அளப்பான்? நம்ம வீட்டுல என்னைக்காச்சும் தட்டி அளந்து நீ பாத்திருக்கியா?"

"இல்லைங்க மாமா. பெட்ரோலைக் குமிக்க முடியுமா?"

ஆத்மநாதன் படியைப் பார்த்தார். அதில் பெட்ரோல் விளிம்போடு நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு சொட்டு விட்டாலும் வழிந்துவிடும். அந்த வீட்டுப் படியில் நெல் அளந்தால் விளிம்புக்கு மேல் நாலு விரல் உயரத்துக்குக் குவியும். கூலிக்காரருக்கும் அப்படித்தான், தானத்துக்கும் அப்படித்தான். அவர் அப்பா காலத்திலிருந்து குவித்தே அளந்த கை, குவித்த படியைத்தான் படி என்று நினைத்துவிட்டது.

"அப்ப காலனுக்கு மூணு படி இல்லையா?" என்றான் நாகராசு.

"மூணரை," என்றாள் சொர்ணவல்லி. அவள் இதற்குள் விரல் விட்டு எண்ணி முடித்திருந்தாள். "எட்டு காலனுக்கு இருபத்தெட்டு படி. போன வாரம் நாம ஊத்துனது இருபத்தி நாலு. நாலு படியை வீட்டுல வச்சிட்டு வண்டியைத் திட்டியிருக்கோம். படிக்கு நாலு மைலு ஓடுதுல்ல? நாலு படிக்குப் பதினாறு மைலு. நமக்கு வேண்டியது பன்னண்டுதான்."

நாகராசு வாய்விட்டுச் சிரித்தான். ஒரு வாரமாக அவன் சிரித்துச் சொர்ணவல்லி பார்க்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் அழுதுகொண்டாள்.

இரண்டாவது டின்னில் மிஞ்சியதும் மீதி டின்கள் அத்தனையும் அளக்காமலே தொட்டிக்குள் போயின.

"அந்தப் பாட்டிலையும் கொடுத்திருங்க," என்றார் ஆத்மநாதன் கொஞ்சம் வெட்கத்தோடு.

ஆண்டியப்பன் நோட்டை மூடினார். "அது திரும்பப் பெற்றதுன்னு எழுதியாச்சுங்களே. சீல் வேற வச்சாச்சு. டாக்டரம்மா சொல்லாம நான் தொடக்கூடாது. அவுக அறந்தாங்கியில வண்டிக்காகக் காத்துக்கிட்டிருக்காக."

"பாட்டிலை நான் கொண்டு போயி அவுககிட்டக் கேட்டுக்கிறேன்," என்றான் நாகராசு.

"என் பொறுப்புல உள்ள பொருள் இந்த இடத்தை விட்டு நகராதுங்க."

நாகராசு கணக்குப் போட்டான். இருபத்தேழரைப் படி. இருபத்து நாலுக்குத் தொண்ணூற்றெட்டு மைல், மூன்றரைக்குப் பதினாலு. நூற்றுப்பத்து போக இரண்டு மைலுக்கு மிச்சம் இருக்கும். "இருக்கட்டும் விடுங்க. போதும்," என்று அண்ணனையும் மனைவியையும் சங்கத்து வாசலிலேயே விட்டுவிட்டு எஞ்சினைக் கிளப்பினான்.

அறந்தாங்கியில் டாக்டரம்மா மருந்துப் பெட்டிகளோடு ஏறிக்கொண்டார். ஆவூர்க்காரர். அதிகம் பேசமாட்டார். மணமேல்குடி தாண்டியதும் நாகராசு டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, முன்சக்கரக் கியரைப் போட்டு, மணலில் பூப்போல ஓட்டினான். ஒவ்வோர் ஊரிலும் ஜனங்கள் கூடி நின்றார்கள். டாக்டரம்மா நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், மாத்திரை கொடுத்தார். எல்லாம் சரியாகத்தான் நடந்தது, கடைசி ஊருக்குப் போகிற பாதையை ஓடைத் தண்ணீர் அறுத்துக்கொண்டு போயிருப்பதைப் பார்க்கிற வரைக்கும்.

அக்கரையில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். ஒரு பெண் குழந்தையை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினாள்.

"சுத்திப் போற வழி இருக்கா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இருக்குங்க. போக வர மூணு மைலு கூடுதல்."

"உங்களுக்கு மிச்சம் எவ்வளவு?"

"ரெண்டு."

டாக்டரம்மா அவனைப் பார்த்தார். "இங்கேயே திரும்பிட்டாலும் நான் தப்பா எழுத மாட்டேன். பாதை உடைஞ்சது உங்க குத்தமில்லை. முடிவு உங்களோடது."

நாகராசு அக்கரையைப் பார்த்தான். சொர்ணவல்லியை நினைத்தான். பினாங்கில், வாரத்துக்கு ஒரு தடவை தபால் வருமா என்று வாசலில் நின்ற சாயங்காலங்களை நினைத்தான்.

"நம்மளைப் பாக்கத்தான நிக்கிறாக," என்றான். ஸ்டியரிங்கை ஒடித்துச் சுற்றுப் பாதையில் விட்டான்.

அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் நூற்றுநாலு இருந்தது. ஊசி போட்டு, அது கண் திறந்து தாயைத் தேடுகிற வரைக்கும் டாக்டரம்மா நகரவில்லை. நாகராசுவும் அவரை அவசரப்படுத்தவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜீப் வந்திருக்க வேண்டும். ஐந்தரை ஆயிற்று. சங்கத்து வாசலில் ஆத்மநாதன் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். சொர்ணவல்லி வாசற்படியில் உட்கார்ந்து, உள்ளே மேஜை மேல் சிவப்பு அரக்கோடு இருந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறந்தாங்கி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் மூக்கன் இறங்கும்போதே சொன்னார்.

"ஒங்க ஜீப்பு கண்மாய்க்கரையில நிக்குதுங்க. முக்கா மைலுதான் இருக்கும். நாங்க வேணா தள்ளி விடவான்னு கேட்டேன். கூடாதாம், சட்டமாம். தலையில கையை வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காப்ல."

ஆத்மநாதன் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எல்லாம் என்னாலதான்," என்றார். "குமிச்சு அளந்ததும் நான். திருப்பிக் கொடுத்ததும் நான்."

சொர்ணவல்லி எழுந்து உள்ளே போனாள். ஒரே நாளில் இரண்டாவது தடவை. இந்தத் தடவை கோபம் வந்திருந்தது.

"எட்டு காலன் கொடுத்ததா ஒங்க நோட்டுல எழுதியிருக்குங்களா?"

"எழுதியிருக்கு," என்றார் ஆண்டியப்பன்.

"வண்டிக்குள்ள எட்டு காலன் போச்சுங்களா?"

ஆண்டியப்பன் நோட்டைப் புரட்டினார். "அதுல அரைப்படி திரும்பி வந்திருக்கே."

"அப்ப எட்டு காலனை நீங்க இன்னும் கொடுத்து முடிக்கலை. முடிக்காத பெட்ரோலுக்குப் பரீட்சை மட்டும் எப்படிங்க முடியும்?"

ஆண்டியப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார். மறுபடியும் நோட்டைப் படித்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. எழுதினதுக்குக் கட்டுப்பட்டவர், அவ்வளவுதான். இப்போது அவர் எழுதினதே அவரைக் கட்டிப்போட்டது.

"பாட்டிலை நான் யார் கையிலயும் கொடுக்க மாட்டேன்," என்றார் கடைசியில். குடையை எடுத்தார், பாட்டிலை எடுத்தார். "ஆனா டாக்டரம்மா இருக்குற எடத்துக்கு நானே கொண்டு போயிக் கேக்கலாம். வாங்க, இருட்டுறதுக்குள்ள போயிருவோம்."

முன்னால் பாட்டிலோடு குமாஸ்தா, பின்னால் ஆத்மநாதன், அவருக்குப் பின்னால் சொர்ணவல்லி. ஆலங்குடி இன்னொரு தடவை வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது.

கண்மாய்க்கரையில் டாக்டரம்மா ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார். ஆண்டியப்பன் காலையில் நடந்ததை முதலிலிருந்து நோட்டைப் பார்த்துப் படித்துக் காட்டினார். குவித்து அளந்த இடம் வந்தபோது டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இதை ஏன் நீங்க எங்கிட்டச் சொல்லலை?" என்று நாகராசுவைக் கேட்டார்.

"திருப்பிக் கொடுத்ததை எப்படிங்க கேக்குறது?"

அண்ணனுக்குத் தம்பிதான். டாக்டரம்மா பாட்டிலை வாங்கிச் சீலைப் பார்த்தார். உடையாமல் இருந்தது. தன் கையாலேயே உடைத்து ஆத்மநாதனிடம் நீட்டினார். "நீங்க கொடுத்தது. நீங்களே ஊத்துங்க."

ஆத்மநாதன் ஊற்றினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

ஜீப் இரண்டு தரம் இருமியது. மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். ஆண்டியப்பன் கூட ஏறினார், குடையை மடியில் வைத்துக்கொண்டு. சங்கத்து வாசலில் போய் நின்றபோது முள் நூற்றுப்பதின்மூன்று மைல் காட்டியது. நாகராசு குச்சியை விட்டுப் பார்த்தான். நுனி நனைந்திருந்தது.

"நூத்துப்பதிமூணுன்னே எழுதுங்க ஆண்டியப்பன்," என்றார் டாக்டரம்மா. "நாகராசு, திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போடுங்க."

நாகராசு ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். பிறகு மருந்துப் பெட்டிகளை இறக்கப் போனான்.

அந்த நேரம் பார்த்து ஆத்மநாதன் மடியிலிருந்து கார்டை எடுத்தார். வியர்வையில் அது நைந்திருந்தது. நேராகச் சொர்ணவல்லியின் கையில் கொடுத்தார். அதுவும் அந்த வீட்டில் முதல் தடவை.

'இடம் பிடித்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை நானே வந்து தம்பியை அழைத்துப் போகிறேன். சேவுகன்.'

"நான்தான்த்தா எழுதிப் போட்டேன்," என்றார். "காளை கட்டி இழுத்ததை ஊரே பாத்துச் சிரிச்சுச்சு. எனக்குத் தாங்கலை. என்னை நம்பி சேவுகன் அங்க பேரைக் கொடுத்திருப்பான். என் வாக்கு அது."

சொர்ணவல்லிக்குக் கோபம் தலைக்கேறியது. அவரை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் பாதி இறங்கிவிட்டது. காலையில் அரைப்படியைத் திருப்பிக் கொடுத்த மனிதர், இப்போது கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்கத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

கார்டை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வரட்டும் மாமா. வெள்ளிக்கிழமை அவருக்கு எலை போட்டு, நம்ம வீட்டு வழக்கப்படி குமிச்சே சோறு வைப்போம். ஆளை மட்டும் தரமாட்டேன். அதை நானே அவர் மூஞ்சிக்கு நேரா நின்னு சொல்லிக்கிறேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த நாகராசுவின் காதில் கடைசிப் பாதிதான் விழுந்தது.

"யாருக்கு எலை? எந்த ஆளு?" என்றான் சிரித்துக்கொண்டே.

சொர்ணவல்லி கார்டு தெரியாமல் முந்தானையை இழுத்துச் செருகினாள், ஆத்மநாதன் அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கப் போனார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.